சரக்குக் கதவு

சாவியை வாங்கிக்கொண்டு அக்காவும் தங்கையும் முதன்முதலாக அந்தக் கட்டடத்துக்குப் போன காலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. செங்கல் சுவர் நனைந்து கறுத்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் பழைய தெருவில், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் வந்து நெருக்க, அது மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் எழுந்து போகாத ஆளைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தரகர் மூச்சு வாங்கிக்கொண்டே படியேறினார்.

"ஆதியில இது கிடங்கும்மா. பஞ்சு, சணல், கம்பளி எல்லாம் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி இங்கதான் படுத்துக் கிடக்குமாம். சண்டைக் காலத்துல ராணுவம் எடுத்துக்கிச்சு. அப்புறம் மரச்சாமான் கடை. அதுக்கப்புறம் துணி தைக்கிற கம்பெனி. இப்போ கீழே காப்பிக்கடை, நடுவுல ரெண்டு மாடியும் கம்ப்யூட்டர் ஆபீஸ், உச்சியில உங்க காப்பகத்துப் பிள்ளைங்க."

உச்சித் தளம் ஒரே நீளக் கூடம். புது வெள்ளை, புதுத் தரை. தெருவைப் பார்த்த சுவரின் நடுவில் மட்டும் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மரக் கதவு. பழைய பலகைகளை இழைத்து எண்ணெய் பூசி மாட்டியிருந்தார்கள். தாழ்ப்பாள் மேலே, பெரியவர்கள் எம்பித் தொடும் உயரத்தில் இருந்தது.

"இது எங்க போற கதவு?" என்றாள் தங்கை.

தரகர் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து காட்டினார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. வெளியே படியும் இல்லை, மாடமும் இல்லை. தலைக்கு மேலே ஒரு இரும்பு உத்திரம் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் கப்பி. கீழே, வெகு கீழே, தெரு.

"சரக்குக் கதவும்மா. கயித்துல தட்டு கட்டி இதுவழியாத்தான் மூட்டையை இறக்குவாங்க. ரொம்ப காலமா செங்கல் வச்சு அடைச்சிருந்தாங்க. பழமை கெடாம இருக்கணும்னு முதலாளி உடைச்சுத் திறந்துட்டார்."

"பூட்டு ஒண்ணு போட்டுக்கறோம்" என்றாள் அக்கா. அந்த நீளக் கூடத்தைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பத்து வருஷம் அடுத்தவர் நடத்திய காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்கு சிந்திவிட்டு, ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி வெளியே வந்தவள். சொந்தமாக ஒரு காப்பகம் என்பது அவளுக்குத் தவம். வேலையில்லாமல் வீட்டில் இருந்த தங்கையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பது தங்கையின் பழக்கம். எதற்கெடுத்தாலும் குத்திப் பேசும் ஒருத்திக்குக் குண்டூசி. எப்போதும் காலைத் தேய்த்து நடப்பவன் வாத்து. நான்கு வயதிலேயே இடுப்பில் கை வைத்து நியாயம் பேசுபவள் பெரியமனுஷி. காலை முழுக்கக் கூடம் சந்தைக்கடையாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பாஞ்சு மெத்தைகளை வரிசையாக விரித்துத் திரையை இழுத்துவிடுவார்கள்.

உடனே தூங்கிவிடுவார்கள்.

அதுதான் தங்கைக்கு முதலில் உறுத்தியது. ஒரு பிள்ளைகூடத் தண்ணீர் கேட்பதில்லை, கதை கேட்பதில்லை. படுத்த மாத்திரத்தில், யாரோ கையால் கண்ணை மூடிவிட்டதுபோல அடங்கிவிடுகிறார்கள்.

"வரம்டி இது" என்றாள் அக்கா. "மூணு மாடி ஏறி வர்றதுங்க, களைக்காதா?"

இரண்டாவது வாரம் ஒரு பிற்பகலில், திரையிட்ட அரையிருட்டில் உட்கார்ந்திருந்த தங்கை, மூச்சுச் சத்தத்தைக் கவனித்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ஒரே நேரத்தில் விட்டார்கள். விடும்போது தொண்டையில் ஒரு சின்ன முனகல்.

ஹும்.

இழுப்பு.

ஹும்.

கனமான எதையோ தோளில் ஏற்றும்போது பெரிய ஆண்கள் போடும் சத்தம் அது. பால்மணம் மாறாத வாய்களிலிருந்து வந்தது. கூடவே ஒரு வாசனையும் கிளம்பியது. வெயிலில் காய்ந்த சாக்கின் வாசனை. வேர்வை கலந்த தூசியின் வாசனை.

அவள் எழுந்து திரையை விலக்கினாள். வெளிச்சம் விழுந்ததும் சத்தம் நின்றது. பெரியமனுஷி கண்ணை விழித்து, "கை வலிக்குது டீச்சர்" என்று சிணுங்கினாள்.

அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். "தூங்குற பிள்ளை மூச்சு விடாம பின்னே பாட்டா பாடும்?"

அடுத்த நாள் குண்டூசியின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மகளின் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். வலது தோளில், கழுத்தை ஒட்டி, தோல் உரசிச் சிவந்திருந்தது.

"பிள்ளைங்களை வச்சு என்ன தூக்க வைக்கிறீங்க?"

 அக்கா உள்ளே போய் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். எல்லோருக்கும் அதே இடத்தில் அதே சிவப்பு. தங்கையைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வெளியே போற நேரத்துல என்னடி நடக்குது இங்க?"

"நான் தொட்டுக்கூடப் பார்க்கலை அக்கா. உன் மேல சத்தியமா."

அக்கா நம்பினாளா என்று தெரியவில்லை. 

சாயங்காலம் வாத்தின் அம்மா வந்தாள். வழக்கமாக அவன் அப்பாதான் கூட்டிப் போவார். அவள் துணிக்கடையில் வேலை முடித்து வர இருட்டிவிடும். படியேறி வந்து, உள்ளே ஒரு கால் வைத்தவள், தெருப்பக்கச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"டீச்சர்." குரல் இறங்கிவிட்டது. "இங்க இருந்த சுவரு எங்க?"

"எந்தச் சுவரு?"

"அந்தக் கதவை அடைச்சிருந்த செங்கல் சுவரு. நான் தையல் கம்பெனியில இருந்தப்போ இந்த மாடியிலதான் மெஷின்ல உக்காந்திருந்தேன். அந்தச் சுவரு இருக்குங்கிற தைரியத்துலதான் பிள்ளையை இங்க சேர்த்தேன்."

தங்கை அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். அவள் மகனை இடுப்பில் ஏற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"மத்தியானம் சாப்பிட்டதும் எங்களுக்குக் கண்ணைச் சொக்கும். மெஷின் மேலயே தலையைச் சாய்ப்போம். முழிக்கிறப்போ அந்தச் சுவத்துல நெத்தி முட்டிக்கிட்டு நிப்போம், வரிசையா. தோள்ல துணிக்கட்டு இருக்கும். எப்போ எந்திரிச்சோம், எப்போ நடந்தோம்னு ஒருத்திக்கும் தெரியாது."

"யாரும் விசாரிக்கலையா?"

"கிடங்கா இருந்த காலத்துல நடந்ததுன்னு சொல்லுவாங்க டீச்சர். கப்பல் கிளம்புற அவசரம். மூட்டை தூக்குறவங்களை உக்கார விடாம, சோத்துக்கு விடாம ஓட்டியிருக்கான் மேஸ்திரி. மூட்டை தலையை அழுத்துனா முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாதாம். முன்னாடி போறவன் குதிகாலைப் பார்த்துக்கிட்டேதான் நடப்பாங்க. அன்னைக்கு வெளியே, மூட்டையை வைக்க அவங்க கால் வைக்கிற தட்டைத் தாங்கின கயிறு அறுந்துடுச்சு. முதல்ல போனவன் விழுந்தான். ரெண்டாவது ஆளுக்கு அது தெரியலை. பின்னாடி மேஸ்திரி நட, நடன்னு கத்திக்கிட்டே இருந்திருக்கான்."

அவள் இறங்கத் தொடங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மத்தியானம் தூங்க விடாதீங்க டீச்சர்."

வாத்து அதன் பிறகு வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா நெடுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "குழந்தைகள் காப்பகத்துல தூங்க வைக்கறதில்லைன்னு சொன்னா ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. கதவுல பெரிய பூட்டா போடறேன். சாவி என் இடுப்புலதான் இருக்கும். நாளைக்கு நானே கூட உக்காந்து பார்க்கறேன். போதுமா?"

பூட்டு வந்தது. கை அகலப் பூட்டு. மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா நாற்காலியைக் கதவுக்கு முன்னால் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளைகள் அடங்கினார்கள். ஏதாவது ஆகட்டும் பார்க்கலாம் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து மணி அடித்தது. பால் கொண்டுவருபவர். அவரால் மூன்று மாடி ஏற முடியாது, முழங்கால் வலி. தங்கை அக்காவைப் பார்த்தாள். "போயிட்டு வாடி, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அக்கா கையசைத்தாள்.

பாலை வாங்கிக்கொண்டு திரும்பியவள், நடு மாடிகளைத் தாண்டியபோது அதைக் கேட்டாள்.

தலைக்கு மேலே காலடிகள்.

ஓடும் பிள்ளைகளின் தடதடப்பு இல்லை. மெதுவாக, கனமாக, ஒரே சீராக விழுந்த காலடிகள். படிக்கட்டின் கைப்பிடி அதிர்ந்தது.

பால் பாத்திரத்தைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

கூடம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

சரக்குக் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டு சாவியோடு தரையில் கிடந்தது. மதிய வெயிலும் தெருவின் ஹாரன் சத்தமும் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் மெத்தையைச் சுருட்டி வலது தோளில் ஏற்றியிருந்தார்கள். முதுகு வளைந்து, தலை தாழ்ந்து, முன்னால் போகிறவரின் குதிகாலையே பார்த்தபடி.

ஹும்.

ஹும்.

வரிசையின் முதல் ஆள் அக்கா.

தங்கை கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. பாய்ந்து போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா நிற்கவில்லை. தங்கையை இழுத்துக்கொண்டே ஓர் அடி வைத்தாள். இன்னும் ஓர் அடி. அவள் தோளில் இருந்தது ஒற்றை விரலால் தூக்கக்கூடிய ஸ்பாஞ்சு மெத்தை. அதைத் தட்டிவிடத் தங்கை கையை வைத்தாள்.

அசையவில்லை.

கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. கல்லுக்கு அடியில் தன் தோளையும் கொடுத்து முட்டினாள். முழங்கால் மடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கிலும் வாயிலும் சாக்குத் தூசி. கண் இருண்டது. அந்த இருட்டில், முதுகுக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாத ஒரு குரல் கேட்டது.

"நட."

அவளையறியாமல் அவள் காலும் எழுந்தது.

"நட."

அக்காவின் வலது பாதம் வாசல் கட்டையைத் தாண்டி வெளியே நீண்டது. அடியில் வெறும் காற்று. அந்தக் குதிகாலைத் தங்கை பார்த்தாள். வெடிப்பு விழுந்த, நேற்று ராத்திரிகூட அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்ட குதிகால். அதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. அதன் பின்னால் போனால் போதும் என்று இருந்தது.

இவர்கள் யாருக்கும் பெயர் சொன்னால் கேட்காது. நில் என்றாலும் கேட்காது. சுமையோடு நிற்பதும் சுமைதான். சாப்பிடாமல், உட்காராமல் நடந்தவர்கள் என்ன சொல்லுக்காகக் காத்திருப்பார்கள்?

நெஞ்சில் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டி அவள் சொன்னாள்.

"இறக்கு."

அக்காவின் பாதம் அந்தரத்தில் நின்றது.

"போதும். சுமையை இறக்கு. எல்லாரும் இறக்குங்க. உக்காருங்க."

பொத்தென்று தோளிலிருந்து பாரம் போனது. மெத்தை மெத்தையாகவே தரையில் விழுந்து விரிந்தது. அக்கா பின்பக்கமாகச் சரிந்து அவள் மடியில் விழுந்தாள். பின்னால் ஒவ்வொரு பிள்ளையாகச் சுமையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது. பொத். பொத். பொத்.

கடைசிப் பிள்ளையும் உட்கார்ந்தாகிவிட்டது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கூடத்தின் கோடிவரை, ஒன்றன்பின் ஒன்றாக, கனத்த மூட்டைகள் தரையில் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பலகை அதிர்ந்தது. பிறகு, கூடம் கொள்ளாத அளவு ஆட்கள் ஒரே நேரத்தில் விட்டதுபோல, ஒரு நீண்ட பெருமூச்சு.

அப்புறம் பெரியமனுஷி அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டு மற்றவர்களும் அழுதார்கள். பிள்ளைகளின் அழுகை அவ்வளவு இனிமையாக இருக்குமென்று தங்கைக்கு அதுவரை தெரியாது.

அன்றே காப்பகத்தை மூடினார்கள். வாடகைவீடு ஒன்று, ஒற்றைத் தளம், ஊருக்கு வெளியே கிடைத்தது. அக்காவுக்குக் காய்ச்சல் நான்கைந்து நாள் அடித்து விட்டது. நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததுதான் கடைசி. பழைய கட்டடத்து முதலாளியிடம் சண்டை போட்டு, அந்தக் கதவுக்கு மறுபடி செங்கல் வைக்கச் சம்மதிக்க வைத்த பிறகுதான் அவள் ஓய்ந்தாள்.

சாமான்களை ஏற்ற ஒரு சின்ன லாரி பிடித்தார்கள். மெத்தைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், பொம்மைகள். எடையே இல்லாத சாமான்கள். டிரைவர் பின்கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். வழியில் ஒரு மேட்டில் வண்டி முக்கி முனகியது. முதல் கியரில்தான் ஏறியது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார்.

"பின்னாடி ஆளுங்க யாரும் ஏறியிருக்காங்களாம்மா?"

"இல்லையே."

அவர் கண்ணாடியை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

புது வீட்டு வாசலில் வண்டி நின்றது. அக்கா இறங்கிக் கதவைத் திறக்க முன்னால் போனாள். பட்டப்பகல். தெருவில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பின்பக்கம் போய்க் கொக்கியை எடுத்துப் பலகையை இறக்கினார். உள்ளே மெத்தைகளும் நாற்காலிகளும் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. வண்டி மட்டும் டயர் பிதுங்கும் அளவுக்குத் தரையோடு அமுங்கிக் கிடந்தது.

தங்கையும் டிரைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வண்டியைத் தாங்கும் வில் பட்டை ஒருமுறை கிறீச்சிட்டது. வண்டி ஒரு விரல் அளவுக்கு உயர்ந்தது.

நின்றது.

மறுபடி கிறீச்சிட்டது. இன்னொரு விரல் அளவு.

மறுபடி.

அவசரமில்லாமல், ஒவ்வொருவராக.

டிரைவர் ஏன் என்று தெரியாமலே வாசலுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.