ஐந்தாவது கணினி

பட்டியலில் நான்கு கணினிகள்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

புனிதவதி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி அவள் ஒருத்திதான். மதியம் மூன்று மணி மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்க, ஆலையின் புளித்த எண்ணெய் வாடை ஜன்னல் வழியாக வந்து அறையெல்லாம் நிறைந்திருந்தது. இரண்டு நாளாகக் குலை எடைக் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. இணைய லைன் அவ்வளவு மெதுவாக இருந்தது. மேனேஜர் தேவதாஸ் என்ன ஏது என்று விசாரிக்கக்கூட இல்லை. அவள் கம்பெனி லைனில் நாடகம் பார்ப்பதாகவும், ஐந்து மணிக்குள் கணக்குப் போகாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றும் போனிலேயே சொல்லிவிட்டார். யார் லைனைத் தின்கிறார்கள் என்று காட்டிவிடத்தான், லைனில் இருக்கும் கணினிகளைப் பட்டியல் போடும் புரோகிராம் ஒன்றை இறக்கி நிறுவினாள்.

அந்த அலுவலகத்தில் கணினிக்கு அதில் வேலை செய்பவரின் பெயரையே வைப்பார்கள். ஐந்தாவதின் பெயர் காளியண்ணன்.

அவளுக்கு முன்பு கிராணியாக இருந்தவர். எடை குறைந்த பழியைத் தேவதாஸ் அவர் தலையில் கட்டினார். கணக்கைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை என்று அப்போது எடைச் சாவடியில் இருந்த புனிதவதிக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. செத்தவர் தொட்டது ஆகாது என்று அவர் துணிமணியோடு கணினியையும் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் வைத்து எரித்தார்கள். லைனிலிருந்து அதன் பெயரை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

எரிந்த கணினி இப்போது எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல்.

எடைச் சாவடியில் இருந்த விமலனுக்குப் போன் போட்டு, இது உன் விளையாட்டா என்று திட்டினாள்.

"நான் ஒன்னும் செய்யலலா, அக்கா. மழைக்கு லோரியே வரல, சும்மாதான் உக்காந்திருக்கேன்."

அடுத்த நிமிடமே தேவதாஸ் போனில் கூப்பிட்டார். அவர் கணினியில் எச்சரிக்கை வந்ததாம். கண்டதையும் கணினியில் ஏற்ற உனக்கு யார் அனுமதி கொடுத்தது, உடனே எடு என்று கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு நீக்கப் போனாள்.

'இந்தப் புரோகிராமை இன்னொருவர் பயன்படுத்துகிறார். நீக்கவா?'

ஆம் என்பதை நோக்கி அம்புக்குறியைக் கொண்டுபோனாள். அது நகர்ந்தது. தானாக. இல்லை என்பதன் மேல் போய் நின்றது.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கிளிக்.

பயத்தை மீறிக் கோபம் வந்தது. மேசைக்கடியில் குனிந்தாள். இணைப்புப் பெட்டியில் ஐந்து பச்சை விளக்குகள். ஐந்தாவது ஒயர் சுவரிலிருந்த ஓட்டைக்குள் போனது. ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணையவில்லை.

"செத்தும் என் பொழப்புல ஏன் கை வைக்கிறீங்க, அண்ணே?"

ஒயரைக் கையில் சுற்றி இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள்.

ஒரு சாண். இன்னொரு சாண். அவள் கை முழங்கை வரைக்கும் ஓட்டைக்குள் போனது. உள்ளே ஒரு கை. சூடாக. மணிக்கட்டைப் பற்றியது.

அவள் கன்னம் சுவரில் ஒட்டிக்கொண்டது. உள்ளே யாரோ கணக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒற்றைக் கையால், அவள் கையை விடாமல்.