மாதாவுக்கு வைத்த கொரோசோல்

"பெர்னதெத்! செடியில இருந்த பழம் எங்கடி?"

கொல்லையிலிருந்து மாமியார் க்ளெமான்ஸ் போட்ட சத்தத்தில் பெர்னதெத் காப்பியைக் கீழே வைத்தாள். ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள். கொரோசோல் செடியின் முதல் பழம் வருஷாவருஷம் அன்றைக்கு மாதா காலடிக்குப் போகும். ஊரார் முள்சீத்தா என்கிற அந்தப் பழம் இந்த வருஷம் காய்த்ததே ஒன்றுதான்!

"நான்தான் பறிச்சேன் அத்தே..."

"யாருக்கு?"

க்ளெமான்ஸ் உள்ளே வந்து அவள் எதிரே நின்றாள்.

"உங்கம்மா வூட்டுக்கா? மாதாவுக்கு வச்சதைத் திருடினா வயிறு எப்படிடி திறக்கும்?"

கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிரான்சில் வேலை பார்க்கும் புருஷன் தியரி வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பான்.

"சொல்ல மாட்டியா? அப்போ பெட்டியக் கட்டு! திருடி இருக்கிற வூட்டுல எனக்குச் சோறு இறங்காது."

பெர்னதெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினாள். அப்போதுதான் தெருக்கதவு திறந்தது.

கமலா! மில் தொழிலாளியின் மகள், இந்துப் பெண். க்ளெமான்ஸின் சின்ன மகன் ஃப்ளோரான் அவளை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, நாலு வருஷமாக, அவள் பேரையே இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. லாஸ்பேட்டையிலிருந்து அவளை ஸ்கூட்டரில் கூட்டிவந்த ஃப்ளோரான் உள்ளே வரப் பயந்து தெருவிலேயே நின்றான்.

பெட்டியைப் பார்த்ததும் கமலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்காவ அனுப்பாதீங்க அத்தே! பழத்தைத் தின்னது நான். இது மூணாவது மாசம்... வயித்துல எதுவுமே தங்கல. அந்தப் பழம்தான் வேணும்னு இருந்திச்சு. நேத்து சாயங்காலம் அக்கா கொண்டாந்து குடுத்தாங்க. மாதாவுக்கு வச்சதுன்னு இவரு காலையிலதான் சொன்னாரு. ஓடியாந்தேன்..."

க்ளெமான்ஸ் கமலாவின் கிட்டே வந்தாள்.

"நல்லாப் பழுத்திருந்திச்சா?"

"ம்..."

"கொட்டைய முழுங்கலியே?"

"இல்ல அத்தே."

"தங்கிச்சா?"

"தங்கிச்சு."

"மாதாவும் புள்ளத்தாச்சியா இருந்தவதான். ஒண்ணும் சொல்ல மாட்டா." பெர்னதெத் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி வாயத் திறக்கல?"

"அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே அத்தே..."

"அதுக்காகத் திருடின்னு பேர் வாங்குவியா? ஐயோ, நான் என்னென்னமோ சொல்லிட்டேனே... என் நாக்கு அழுகிப் போவ!" பெர்னதெத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு கொல்லைக்குப் போய் ஏழெட்டுக் கொரோசோல் இலை பறித்து வந்தாள். அந்த இலையைக் கொதிக்கவைத்துத் தீசான் என்கிற கஷாயம் போட்டு, தினமும் மாமியார் கையில் கொடுப்பவள் பெர்னதெத்.

"நீ உக்காரு. இன்னிக்கு நான் போடுறேன்."

"எனக்கும் அத்தே..." என்றாள் கமலா.

"உனக்கு இந்த இலை ஆகாது. பால் குடி. அந்தத் தடியனையும் உள்ள வரச் சொல்லு, தெருவே பாக்குது!"