பெரிய தாங்கியைக் கழுவுதல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதுரங்குளியில் பஸ்ஸை விட்டிறங்கி, த்ரீவீலரில் களப்பின் உப்புநீர்க் கரைக்குப் போனேன். பழைய இறால் பண்ணைக் கொட்டகை. தகரக் கூரை, ஒரு கதவு, யன்னல் இல்லை. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே கால் வைத்ததும் இருட்டு. அசிட் நெடி, அதற்கடியில் அழுகிய இறாலின் நாற்றம்.

யுத்தம் முடிந்த கையோடு எங்கள் கரையில் புதுசு புதுசாய்த் தொழில் தொடங்கினார்கள். மிஹ்லார் முதலாளி தொடங்கியது இறால் கோதுத் தொழில், உரித்தெறிந்த ஓட்டை வைத்து. கோதை அசிட்டில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்து, பிறகு காய்ச்சியெடுத்தால், மருந்துக் கம்பனிகள் வாங்கும் வெள்ளைத் தூள் கிடைக்கும். முதலில் சின்னத் தாங்கியில் செய்து பார்ப்பது, சரிவந்தால் அதையே பெரிய தாங்கிக்குக் கொண்டுபோவது. அதற்குத்தான் பைலட் பிளாண்ட். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். அகதி முகாமில் பிறந்து, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாய்க் கம்பஸ் போனவள் நான்.

சின்னத் தாங்கி இடுப்பளவு. அதன் வாய்க்குள் ஒரு கை போகும், அவ்வளவுதான். பெரியது, வாயைச் சுற்றி ஆள் நிற்கிற தட்டோடு, கூரைக்குச் சற்றுக் கீழே வரை, நிலத்துக்கு மேலே எழும்பிய கிணறு போல நின்றது.

சின்னத் தாங்கி ஈரமாய் மினுங்கியது.

"இப்பதான் கழுவினீங்களா?" என்று அல்பொன்சாவிடம் கேட்டேன். கழுவுகிற வேலை அவளுடையது. கரையூர்க்காரி, வாய் மூடாதவள்.

"நான் இப்பதானே மிஸ் கதவத் தொறந்தன்," என்றாள். அத்தோடு கோதுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்தடுத்த நாட்களும் காலையில் அது கழுவித்தான் இருந்தது.

ஒரு நாள் பட்டப்பகலில் கரண்ட் போனது. மோட்டார்கள் ஓய்ந்தன. அல்பொன்சா வெளியே கோது உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே நான் மட்டும்.

சர்ர்... சர்ர்...

தும்புப் பிரஷ் உட்சுவரில் உரசும் சத்தம். சின்னத் தாங்கிக்குள்ளிருந்து.

கிட்டப் போனேன். சத்தம் நின்றது. உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி வந்து நின்றவர் போல. பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கையை விட்டேன்.

விரல்கள்.

வெந்து சுருங்கிய ஈர விரல்கள் என் கையை மணிக்கட்டுவரை தடவின. யாருடைய கை என்று தேடுவது போல. தேடிய ஆள் நானில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டன.

வெளியே ஓடினேன். அல்பொன்சா என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்புடாதீங்க மிஸ். அது அக்கா."

அவளுடைய அக்கா பவுலினா. இதே கழுவுகிற வேலையில், போன வருசம் பெரிய தாங்கிக்குள் செத்தவள்.

"ஏன் சின்னத் தாங்கியில?"

"அதக் கழுவேக்க பாட்டுப் படிப்பா மிஸ். பெரிசு வந்த பொறகுதானே..."

சின்னதற்கு என்ன ஒழுங்கோ, பெரியதற்கும் அதே ஒழுங்கு: அசிட்டை இறக்கிய கையோடு, ஒரு பொம்பிளை, ஒரு பிரஷ். பெரியதற்குள் கை எட்டாது. அதனால் ஆளே இறங்கினாள். கோது கரையும்போது ஒரு வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடப் பாரம். சின்னத் தாங்கியில் அது வழிந்து காற்றோடு போய்விடும். பெரியதில் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அசிட்டைப் பெருக்கினார்கள், கோதைப் பெருக்கினார்கள். அவளுடைய மூச்சை மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பது மரியாதைக்கு. அவர்கள் அதை நினைக்கவே இல்லை.

சின்னத் தாங்கியில் தூள் சரிவந்தது. பெரியதில் ஒருமுறை கோதைப் போட்டு இறக்கினோம், தூள் அழுக்காய் வந்தது. மிஹ்லார் முதலாளி வந்து நின்றார்.

"நாளைக்கிக் கொழும்பால வாங்குறவங்க வாறாங்க. கழுவிப் போட்டு இன்னொருக்காப் போடுங்க."

"காத்து ஊதுற மிசின் இல்லாம யாரும் உள்ள எறங்க ஏலா."

"ஒருக்கா நடந்தா ஒவ்வொருக்காலும் நடக்குமா மிஸ்?"

"நடக்கும். அதத்தான் நான் படிச்சிட்டு வந்திருக்கன்."

சிரித்தார். "படிச்ச புள்ளயளோட கதச்சு வெல்ல ஏலா." பிறகு அல்பொன்சாவைப் பார்த்தார். "ஒனக்கு வேல வேணுமா, வாணாமா?"

அவள் பிரஷ்ஷை எடுத்தாள். கையைப் பிடித்தேன். உதறினாள்.

"என்ட புள்ளைகளுக்கு நீங்களா மிஸ் சோறு போடப் போறீங்க?"

வெளி ஏணியால் ஏறி, உள் ஏணியால் இறங்கினாள். கத்திக்கொண்டே பின்னால் ஏறினேன். தாங்கியின் வாய்க்குள் குனிந்து பார்த்தபோது அவளுடைய தோள்கள் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

நின்றாள்.

"மிஸ்." மூச்சுத்தான் வந்தது, குரலில்லை. "காலுக்குக் கீழ கை."

அவளுடைய கைகள் ஏணியை விட்டு நழுவின. விழவில்லை.

மேலே வந்தாள்.

ஏறவில்லை. அசையவுமில்லை. கீழிருந்து யாரோ உள்ளங்கால்களைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாய் உயர்த்தினார்கள். அடியில் மூச்சு இழுபட்டது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அது குறைந்தது. கமக்கட்டில் கை கொடுத்து நான் இழுத்தெடுத்ததும், கீழே ஒரு இருமல்.

பிறகு ஒன்றுமில்லை.

"அக்கா!" அல்பொன்சா திரும்பவும் உள்ளே பாயப் பார்த்தாள். "அக்கா மூச்சு முட்டிச் சாகுறா, விடுங்க மிஸ்!" அவள்மேல் விழுந்து அமுக்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் தாங்கித் தட்டில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து அழுதோம். முதலாளி கதவடியில் நின்றார், உள்ளே வரவில்லை.

புத்தளம் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் அவளுடைய கால்களைத் துடைத்தாள். இரண்டு உள்ளங்கால்களிலும் விரல் விரலாய் அசிட் சுட்ட வெள்ளை அடையாளம். "யார் புடிச்சது?" என்று கேட்டாள். அல்பொன்சா கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதலாளி என்னை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அல்பொன்சா இப்போது கருவாடு விற்கிறாள். போன கிழமை களப்புக் கரையோரமாய் அவளோடு நடந்தேன். அவள் என்னைவிடப் பருத்தவள். தலையில் நிறைந்த கூடை வேறு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

ஈர மணலில் என் காலடிகள் குழியாய்ப் பதிந்திருந்தன.

அவளுடையவை, ஒரு குழந்தை நடந்தது போல, மேலோட்டமாய்.