மல்லிகை மணந்தால் திருப்பு

வடிகால் வால்வின் மீது பூங்கோதையின் வலது கை இருந்தது. கால் சுற்றுத் திருகினால் போதும், நான்காம் தூணிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் கரைசல் அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும். திருகாவிட்டால் அது பொதுத் தொட்டியில் கலந்துவிடும்.

"அக்கா, திருப்புங்க." தூணை இயக்கும் நாச்சிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான். "எனக்கே மணக்குதுங்க."

"எனக்கு மட்டும் மூக்கு இல்லியா? சித்த சும்மா இரு."

இடது கையால் தூணின் கீழ்க்குழாயை இறுக்கினாள். ஓட்டம் நூலாக மெலிந்தது. முழுக்க நிறுத்த வழியில்லை. நின்றால் உள்ளேயே படிகமாகி இறுகிவிடும். கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சத்தியமங்கலம் துயில ஆலையின் எட்டுத் தூண்களிலும் சிவப்பு மையில் ஒரே வாசகம்தான்: 'மல்லிகை மணந்தால் திருப்பு'. வேலைக்குச் சேரும் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். யோசிக்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. மணந்தால் திருப்பு.

இந்தத் தூண்களில் வடித்தெடுப்பதை டாக்டர்கள் டிரிப்டோபேன் என்றார்கள். ஊர் 'துயிலம்' என்றது. மனித உடம்பு தானாகச் செய்துகொள்ளத் தெரியாத ஓர் அமினோ அமிலம். முன்பெல்லாம் சோற்றிலும் பருப்பிலும் பாலிலும் சும்மா வந்துகொண்டிருந்தது. பூங்கோதை பிறந்த வருஷம் சாம்பல் கருகல் என்ற நோய் உலகத்துப் பயிர்களை எல்லாம் தடவிச் சென்றது. செடிகள் சாகவில்லை. தாங்கள் உயிர் பிழைக்கத் தேவையான துளிக்கு மேல் துயிலம் சமைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டன. சாப்பாடு வயிற்றை நிரப்பியது, தூக்கம் போய்விட்டது. தூக்கம் போனால் கோபம், அப்புறம் தோல் வெடிப்பு, கடைசியில் புத்தி தடுமாற்றம்.

அதனால்தான் இந்த ஆலை. தொட்டியில் நுண்ணுயிர்கள் வெல்லப்பாகைத் தின்று துயிலம் செய்யும். அந்தக் கலங்கல் சாறு, பிசின் மணிகள் அடைத்த தூண்களில் இறங்கும். உப்பும் சர்க்கரையும் வழுக்கிக்கொண்டு ஓடிவிட, துயிலம் மட்டும் மணிகளைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுச் சாராயக் கரைசலை ஊற்றினால் பிடியை விட்டுச் சுத்தமாக இறங்கும்.

கூடவே ஒரு போக்கிரியும் உண்டு. இண்டோல். துயிலத்தைவிட இறுக்கமாக ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வரும். மணிகள் களைத்துவிட்டால் முன்னாலேயே நழுவிக் கலந்துவிடும். இரண்டும் ஒரே ஒளியை விழுங்குவதால் தூணில் மாட்டிய ஒளிமானிக்கு வித்தியாசம் தெரியாது. மூக்குக்குத் தெரியும். குடித்தால் விஷம்; காற்றில் துளி கலந்தால் மல்லிகை வாசம்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி செருமியது. மேற்பார்வையாளர் ரங்கசாமி.

"அம்மிணி, நாலாம் தூண் ஓட்டம் ஏன் இறங்கிருச்சு?"

"மணக்குதுங்க சார்."

"மணந்தா திருப்ப வேண்டீதுதானே. அதைய எதுக்கு எங்கிட்டச் சொல்லிட்டிருக்கே?"

"திருப்பீட்டா அடுத்த சாறு புளிக்கற வரைக்கும் ஊருக்குத் துயிலப் பொடி இல்லீங்க. பஸ் டிப்போவுல ஏற்கெனவே பாதிப் பொட்டலம்தான்."

ரங்கசாமிக்குப் புரிந்தது. பூங்கோதையின் புருஷன் செங்கோடன் திம்பம் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறான். பாதிப் பொட்டலத்தில் அவன் தூங்கிப் பல நாளாயிற்று. காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். அதைச் சொன்னதற்கு, பொத்தானா வண்டி ஓட்டுது என்று எரிந்து விழுந்தான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பஸ் ஜனங்கள்.

"விஷம் கலந்தா நாளைக்கு அந்த டிரைவரும் குடிப்பான், அம்மிணி," என்றார் ரங்கசாமி. குரல் தணிந்திருந்தது. "திருப்பீரு."

கை வால்வை அழுத்தியது. அப்போது மணம் சட்டென்று மறைந்தது. ஒரு மூச்சு கழித்து மறுபடி வந்தது.

அவள் நிமிர்ந்தாள். குழாய்க் கசிவு இப்படி வந்து வந்து போகாது.

"நாச்சி, சென்ட் கிண்ட் போட்டிருக்கியா?"

"ஐயோ, இல்லீங்க்கா."

"டெஸ்பாட்ச் கோகிலா இன்னிக்குச் சாயங்கால ஷிப்டாம்."

"அவளுக்காகச் சட்டையத்தான் தேச்சேன். சென்ட்டெல்லாம் போடலீங்க. வேணும்னா மோந்து பாருங்க."

"அந்தக் கொடுமை வேறயா? போய் புதுக்காத்து விசிறிய நிறுத்து."

நாச்சிமுத்து விழித்தான். "சாராய ஆவி சேர்ந்துக்கும்க்கா. அபாய மணி அடிக்கும்."

"அடிக்கட்டும். அதுக்குள்ள தெரிஞ்சுரும்."

சாராய நெடியில் கரைசலை நேராக முகர்ந்தால் எதுவும் பிடிபடாது. ஆனால் விசிறி நின்றால், கசிவு தூணிலிருந்து வரும் பட்சத்தில் அறைக்குள் மணம் திரள வேண்டும். விசிறியின் இரைச்சல் அடங்கியது. பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். சாராயம். சூடான இரும்பு. நாச்சிமுத்துவின் வியர்வை.

மல்லிகை இல்லை.

அபாய மணி அலறத் தொடங்கியது. "போடு," என்றாள். விசிறி சுழன்றது, வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது, காற்றோடு மணமும் வந்தது.

"தூண் சுத்தமுங்க சார்," என்றாள். "வாசம் வெளியிலிருந்து வருது. தொட்டிக்கு விடறேன்."

வடிகால் வால்விலிருந்து கையை எடுத்துக் கீழ்க்குழாயைத் திறந்தாள். நூலாக இருந்தது கயிறானது. கரைசல் சலசலவென்று பொதுத் தொட்டிக்கு ஓடியது. நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். டிப்போவுக்கு முழுப் பொட்டலம் போகும். செங்கோடன் இன்றைக்குக் குறட்டை விடுவான். அந்தக் குறட்டையை நினைத்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஒண்ணாம் தூண்லயும் ஒரு தடவை பாத்துக்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் தள்ளி வெளியே வந்தாள்.

வெயில் இறங்கி, பொழுது மஞ்சளாகக் கிடந்தது. விசிறி காற்றிழுக்கும் சுவரை ஒட்டித் தூண் கழுவிய நீர் ஓடும் கால்வாய். அதற்கு அப்பால் கைவிடப்பட்ட மல்லிகைத் தோட்டங்கள். பாட்டனார் காலத்தில் இந்த ஊரே அந்தத் தோட்டங்களில்தான் பிழைத்ததாம். செடிக்குள் துயிலமும் மல்லிகையின் வாசமும் ஒரே அடுப்பில் வேகிறவை. அடுப்பு அணைந்த வருஷம் இரண்டும் சேர்ந்தே போயின. வாசமில்லாத வெள்ளைப் பூவை யார் வாங்குவார்கள்? பூங்கோதை என்று பெயர் வைத்துக்கொண்டு, பயிற்சி வகுப்பின் கண்ணாடிக் குப்பியில்தான் அந்த வாசத்தை முதலில் அறிந்தாள். அவளுக்கு அது ஆபத்தின் வாசம்.

வாசத்தைப் பிடித்துக்கொண்டே கால்வாய் ஓரமாக நடந்தாள். ஓரிடத்தில் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "என்னாச்சு அம்மிணி? எங்கயாவது குழாய் உடைஞ்சிருக்கா?"

"இல்லீங்க சார்."

"பின்னே? மல்லிகை வாசம் என் ரூம் வரைக்கும் வருது. எதிலிருந்துதான் வருது?"

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

"மல்லிகையிலிருந்துங்க," என்றாள்.