கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

வட்டார வரலாற்றுக் கழகத்தின் மாதக் கூட்டம் வழக்கம்போல நூலக மாடியில் நடந்தது. வெளியே விடாத மழை. சாயங்காலமே அறை மங்கிக் கிடந்தது.

"நம்ம ஆளுங்க பாதிப் பேர் டீக்குத்தான் வர்றாங்க. நீங்க பயப்படாம பேசுங்கம்மா" என்றார் செயலாளர்.

அன்று பேச வந்திருந்த எழுத்தாளர் லேசாகச் சிரித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆற்றில் கவிழ்ந்த பயணிகள் படகைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் மேசையில் அடுக்கியிருந்தது. அந்தப் படகில் ஏறிய அவருடைய அக்கா திரும்பி வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

நிதானமாகத்தான் பேசினார். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கையிலிருந்த குறிப்பை மூடி வைத்தார். "எங்கம்மா கடைசி வரைக்கும் வாசக்கதவுக்குத் தாழ் போட விடல. அவ வந்து தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம்."

கேள்வி நேரம் வந்தது. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி கை தூக்கினாள். செயலாளர் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கையில் பட்ட அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. மழையில் நனைந்து வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவளிடமிருந்து மழை வாசனை வரவில்லை. ஆற்றடிச் சேற்றின் வாடை அடித்தது.

"குட்டி..."

தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன எழுத்தாளரின் கை அப்படியே நின்றது. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது உயிரோடு யாரும் இல்லை.

"குட்டி, படகு இன்னும் கரை சேரலையாடி? ரொம்ப நேரமா இருட்டாவே இருக்கு."



எழுத்தாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படகு எங்கே சாய்ந்தது, ஏன் சாய்ந்தது, எல்லாவற்றையும் வருஷக்கணக்காகத் தேடி எழுதியவர். பதில் அவருக்குத் தெரியும். அதை எந்த வாயால் சொல்வது?

"சேர்ந்துடுச்சுக்கா" என்றார். "இறங்கிக்கோ. அம்மா கரையில நிக்கிறாங்க."

"சொல்லாமக் கிளம்பி வந்துட்டேனே. கோவமா இருக்காங்களா?"

"இல்லக்கா. துளிக்கூடக் கோவம் இல்ல. பாத்து இறங்கு."

மைக் தொப்பென்று விழுந்தது.

நாற்காலியில் யாரும் இல்லை.

எழுத்தாளர் முகத்தைப் பொத்திக்கொண்டு, அடிபட்ட சின்னப்பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார். முன்வரிசையிலிருந்த ஒரு பெண் ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டாள்.

செயலாளர் மைக்கை எடுத்து அதன் சுவிட்சை அணைத்தார். கூட்டம் முடிந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அணைத்த மைக் கரகரத்தது.

முதலில் ஓர் ஆணின் இருமல். அதன் பின்னால் ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ பேரின் மூச்சு.

"எங்களக் கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்கா?"