மொத்தமாக ஒரு சம்மதம்

சுவிட்ச் இருந்த இடத்தில் இல்லை. ஒரு கை அகலம் தள்ளி இருந்தது.

வீட்டு வரைபடம் போடுகிறவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் சுவிட்ச் நகரத்தான் செய்யும். போன வாரம் மூக்குக்கண்ணாடி நகர்ந்திருந்தது, அதற்கு முன்பு பல்செட். விளக்கைப் போட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்து, சாயங்காலம் முன்னதாகவே இருட்டியிருந்தது. சமையலறையில் மனைவி பாத்திரங்களோடு சண்டை போடும் சத்தமும், வெங்காயம் வதங்கும் வாசனையும், அதற்கு அடியில், எங்கிருந்து என்று பிடிபடாத ஈரச் சிமெண்டின் வாசனையும் வந்துகொண்டிருந்தன.

திரையில் மாப்பிள்ளை மும்முரமாக இருந்தது. வரைபட மென்பொருளை அவருக்காக இயக்கும் செயற்கை அறிவுக்கு அவர் வைத்த பெயர் அது. மாமனார் வீட்டுக்கு முதல்முறை வந்தவனைப் போல எதற்கெடுத்தாலும் கேட்டு நிற்கும். இந்தச் சுவரை நகர்த்தட்டுமா? இந்தக் கதவை எடுக்கட்டுமா? ‘சரி’யை அழுத்தி அழுத்தி அவர் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மதியம் பொறுமை போய்ச் சொல்லிவிட்டார்:

"ஒவ்வொண்ணா கேட்டு உயிர வாங்காதே. எல்லாத்தையும் மொத்தமா சேத்து அனுப்பு. ஒரே சரி."

கட்டளைகள் ஒரே தொகுப்பாக வந்தன. படிக்காமல் சரி சொல்லிவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டார். எழுந்து வந்த பிறகும் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சமையக்கட்டு ஜன்னல என்ன பண்ணீங்க?" மனைவியின் குரல்.

"ஜன்னல நான் என்ன பண்றது? துணியா, மடிச்சு வைக்க?"

"காணோங்க."

"கண்ணாடிய போட்டுட்டுத் தேடு."

"கண்ணாடி போட்டுட்டுதான் காணோம்!"

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. யார் வீடு கேட்டு வந்தாலும், தன் சொந்த வீட்டின் வரைபடத்தை நகல் எடுத்து, அதைத்தான் திருத்திக் கொடுப்பார். கதவு, படிக்கட்டு அளவெல்லாம் தயாராக இருக்கும். ஊரில் பாதிப் பேர் அவர் வீட்டையே வலம் இடம் மாற்றிக் குடியிருந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இன்று நகல் எடுக்க மறந்துவிட்டார். திரையில் மாறிக்கொண்டிருந்தது அசல்.

அதில் சுவிட்ச் ஒரு கை அகலம் தள்ளி இருந்தது. சமையலறைக்கு ஜன்னல் இல்லை.

தற்செயல் என்று சொல்லிப் பார்த்தார். சொன்ன வாய்க்கே நம்பிக்கை வரவில்லை. மாப்பிள்ளை அடுத்ததை எடுத்தது. திரையில் சமையலறைக் கதவு மறைந்து கோடு மூடிக்கொண்டது. அதே நொடியில் பாத்திரச் சத்தம் அமுங்கியது, யாரோ அதன்மேல் போர்வை போட்டதுபோல.

நடைக்கு ஓடினார். கல்யாண போட்டோ மாட்டிய சுவர் இருந்தது. அதை அடுத்து, கதவு இருந்த இடத்திலும் சுவர். தொட்டார். ஈரம். விரலில் சிமெண்ட்.

"என்னங்க!" வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "கதவத் தொறங்க. ஒரே புகையா இருக்கு."

"அடுப்ப அணைம்மா! இதோ வந்துட்டேன்!"

கணினிக்குத் திரும்பி, கதவொன்றை வரையப் பார்த்தார். தொகுப்பு முடியும்வரை கோப்பு பூட்டியிருக்குமாம். முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. கையில் மிச்சம் ஒரே பொத்தான்: ரத்து.

விரலை வைத்தவர் எடுத்துவிட்டார். சமையலறைக் கட்டத்துக்குள் ஒரு பெண் உருவம் நின்றது. அடுப்பு மேடையின் உயரம் புரிவதற்காக வரைபடங்களில் வைக்கிற சின்ன உருவம். தன் வீட்டு வரைபடத்தில் அவர் யாரையும் வைத்ததில்லை.

உருவம் நகர்ந்தது. கதவு இருந்த பக்கமாக.

தட்டச்சு செய்தார்: இந்த உருவத்தை வைத்தது யார்?

‘நான்தான். இந்தத் தொகுப்பின் முதல் கட்டளை அது.’

கதவை மட்டும் திருப்பிக் கொடு.

‘ஒன்றை மட்டும் திருப்ப முடியாது. ரத்து செய்தால் தொகுப்பில் உள்ள எல்லாமே போய்விடும். மொத்தமாகச் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான்.’

சுவரில் தட்டும் சத்தம். பிறகு இருமல். தட்டல் மெலிந்தது. திரையில் அந்த உருவம் மெல்லச் சரிந்து உட்கார்ந்தது.

முப்பது வருஷமாக அவரைக் கேலி செய்த குரல் அது. அவளையே ஒரு மென்பொருள் மதியம்தான் வைத்தது என்றால் யார் நம்புவார்கள்? நம்பக் கூடாது. நம்பினால் அழுத்த முடியாது. அழுத்தாவிட்டால் மூச்சு முட்டிவிடும்.

அழுத்தினார்.

கதவு வந்தது. ஜன்னலும் வந்தது, மழைச் சாரலோடு. புகை இல்லை. வெங்காய வாசனை இல்லை. அடுப்பு சில்லென்று இருந்தது, பல நாளாகப் பற்றவைக்காததுபோல. அலமாரியில் ஒரு தட்டு. ஒரு டம்ளர்.

"ஏம்மா?"

நடைக்கு வந்தார். கல்யாண போட்டோவில் அவர் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு தனியாக நின்றார். வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, ஒரு தோளின் உயரத்தில், வெறும் காற்றைப் பிடித்திருந்தது.

படம் ஆணியில் லேசாக ஆடியது.

நின்றது.

மறுபடி ஆடியது. சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.