ஆறாவது பொத்தான்

ராயப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் பாயின் கடைக்கு நான் போனபோது மதியம் இரண்டு மணி. வெயிலில் மண்டை காய்ந்து போயிருந்தது. கடை என்றால் ஒரு பழைய வீட்டின் முன்னறைதான். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கும் நாடகங்களுக்கும் உடை வாடகைக்கு விடுகிறவர் அவர். ராஜா, போலீஸ், தேவதை, புலி எல்லோரும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்துருண்டை வாசனை தொண்டை வரைக்கும் இறங்கியது.

என் பெயர் எஸ்தர். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில், கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரும் ஆட்களுக்குத் துணி போடுவது என் வேலை. மீன் விற்கும் என் அம்மா தேசம்மா அக்கம்பக்கத்தில் என்னைத் தையல்காரி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். நான் ஊசியைத் தொட்டு வருடக்கணக்காகிறது. நிஜத் துணியைப் படம் பிடிப்பேன், அழுக்கையும் கிழிசலையும் திரையிலேயே சரிசெய்வேன், அந்தப் படத்தைக் கணினி உடம்பின் மேல் சுற்றி ஒட்டுவேன். திரையில் நீங்கள் பார்க்கிற மடிப்பும் தையலும் வெறும் சாயம். பொத்தான் இருக்கும், கழலாது. பாக்கெட் இருக்கும், கை நுழையாது. அந்த ஆட்கள் உடை மாற்றப் போகிறார்களா என்ன?

இந்த முறை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் விளையாட்டுக்குக் கேட்டது ஒரு ராணியின் கவுன். பாய் பீரோவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கருஞ்சிவப்பு வெல்வெட், கழுத்து வரை மூடியது. பொத்தான்கள் முதுகுப்பக்கம், மொத்தம் பதினொன்று. ஆறாவது மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் துணியின் இரண்டு ஓரங்களையும் மடித்து, மூடவே முடியாதபடி முரட்டு நூலால் தைத்திருந்தார்கள். விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி.

"எப்டி கீதோ அப்டியே எடுத்துக்கோமா. எதையும் மாத்தாத" என்றார் பாய்.

பழைய துணிக்காரர்களுக்கே உரிய கெடுபிடி என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டு நாற்பது படம் எடுத்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை, அலுவலகத்தில் நான் மட்டும்தான். என் மேலதிகாரி பிரசாத் சாப்பிடப் போயிருந்தான். ராணிக்கு உடம்பாக என் உடம்பையே வைத்திருந்தோம். வெளி ஆளைக் காசு கொடுத்து வைக்க வசதியில்லாததால் போன மாதம் பிரசாத் என்னை நிற்க வைத்து, போனோடு என்னைச் சுற்றி வந்து அளவெடுத்திருந்தான். தோள், இடுப்பு, கொஞ்சம் கூனலான முதுகு எல்லாம் என்னுடையவை. அந்த முதுகில் கவுனின் படத்தை ஒட்டினேன். நடுவில் அந்த இடைவெளி உறுத்தியது.

பாய் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மாற்றாதே என்று சொன்னது துணியை, படத்தை இல்லையே. என் தொழிலில் ஓட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஐந்தாவது பொத்தானை அப்படியே நகலெடுத்து ஆறாவது இடத்தில் வைத்தேன். சுற்றியிருந்த வெல்வெட்டை இழுத்து மூடினேன். ஐந்து நிமிட வேலை. எங்கே ஓட்டை இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்கு அழகாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அந்துருண்டை வாசனை வந்தது.

கூடவே முகப்பவுடர் வாசனையும், அதற்கடியில் ஊறிப்போன வியர்வையும்.

"கொஞ்சம் பின்னால கழட்டி விடேன்."

பெண்குரல். கல்யாண வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டது. நான் திரும்பினேன். நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

திரையில் ராணி எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவளுக்கு இன்னும் அசைவு எதுவும் கொடுக்கவில்லை. கொடுப்பது வேறு ஆளின் வேலை.

அவள் தோள்கள் ஏறி இறங்கின.

எனக்கு மூச்சு முட்டியது. குர்தாவின் கழுத்துப் பொத்தானைக் கழற்றலாம் என்று கை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தால் பொத்தான் இருக்கிறது. தொட்டால் இல்லை.

வெறும் சாயம்.

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி கண்ணுக்குத் தெரிந்தது, அதில் வெளிச்சம் கூடப் பட்டுப் பளபளத்தது. உள்ளங்கையில் தட்டுப்பட்டது சமமான பலகை. ஜன்னலின் கொக்கியும் அப்படித்தான். அறை முழுக்க என் கைவேலை மாதிரியே இருந்தது, அவ்வளவு சுத்தமாக, எங்கேயும் ஒரு இடுக்கு விடாமல்.

வெல்வெட்டை நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து இல்லை, துணியின் உள்பக்கத்திலிருந்து.

போன் வேலை செய்தது. பாயைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஆறாவதை மூடிட்டியா என்று கேட்டார்.

அவருடைய அப்பா காலத்தில் நாடகத்துக்கு அந்த கவுனை வாங்கிப்போன நடிகை ஒருத்தி இருந்திருக்கிறாள். மே மாதம், தகரக் கொட்டகை. முதுகின் நடுப் பொத்தானைத் தானே கழற்ற முடியாது. மேலிருந்து போகும் கையும் ஐந்தாவதோடு நின்றுவிடும், கீழிருந்து போகும் கையும் ஏழாவதோடு நின்றுவிடும். புழுங்குகிறது, கழற்றி விடு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். இந்த ஒரு காட்சி முடியட்டும் என்றிருக்கிறார்கள். காட்சி முடிந்து பார்த்தபோது ஒப்பனை அறையில் சுவரோடு சாய்ந்து மூச்சில்லாமல் கிடந்தாளாம். அதற்குப் பிறகு அதைப் போட்ட ஒவ்வொருத்திக்கும் மூச்சு முட்டியது. பாயின் அப்பா அந்த ஒரு பொத்தானை வெட்டி எடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்த பிறகுதான் நின்றது.

"அது அவளுக்கு வழிமா. தொறந்து வுட்ரு" என்றார் பாய்.

நான் ஒட்டிய பொத்தானை அழித்தேன். பழைய படத்திலிருந்து அந்த இடைவெளியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். பிறாண்டல் நின்றது. கதவுப்பக்கம் போய்க் கையை வைத்தேன், குளிர்ந்த இரும்புக் கைப்பிடி பிடிக்குள் வந்தது. தெருவில் இறங்கி, இளநீர்க் கடைக்காரர் பார்க்கப் பார்க்க வாந்தியெடுத்தேன்.

பிரசாத்துக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். முதுகு இடைவெளியை மூடவே கூடாது என்று மூன்று தடவை எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் மனநல டாக்டரின் நம்பரை அனுப்புகிற ரகம் அவன். அந்தக் காரணத்தைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.

இன்று ஞாயிறு. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மாதான் என் சுடிதாரின் முதுகு ஜிப்பை இழுத்து விட்டாள். எனக்கு ஒரு நிமிடம் உடம்பு கூசியது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். போன் அடித்தது. பிரசாத்.

நல்ல செய்திதான் சொன்னான். ராணியைப் பார்த்து அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அசந்துவிட்டார்களாம். முதுகில் ஓட்டை தெரிகிறது என்று மட்டும் சொன்னார்களாம்.

"நானே மூடிட்டேன் எஸ்தர். சின்ன வேலைதான, ஞாயித்துக்கெழம உன்ன ஏன் தொல்ல பண்ணணும்னு."

அதைத் திற என்று கெஞ்சினேன். காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தான், அப்புறம் என் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் அனுப்பியாகிவிட்டதாம். அசைவையும் அவர்களே கொடுத்து, விளையாட்டில் சேர்த்து வெளியிட்டும் விட்டார்களாம். காலையிலிருந்து எத்தனையோ பேர் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"இனிமே நம்ம கைல இல்ல" என்றான்.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு முதுகுக்குக் கையைக் கொண்டுபோனேன். ஜிப் இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை வழவழவென்று ஒரே துணி. தாழ்ப்பாளைப் பார்த்தேன். கதவின் மேல் அழகாக, நிழலோடு, வரைந்து வைத்தது போல இருந்தது.

ஒரு மணி நேரமாக உள்ளே இருக்கிறேன். அம்மா பக்கத்தில் எங்கோ போயிருக்கிறாள், பாய் போனை எடுக்கவில்லை. என்னிடம் மூலப் படம் இருக்கிறது, அதில் வழி திறந்தேதான் இருக்கிறது. ஆனால் வெளியே போன ஒவ்வொரு நகலிலும் மூடியிருக்கிறது. கத்திரிக்கோலை எடுத்தேன். அதன் இரண்டு அலகும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. போனின் கண்ணாடி மட்டும் எப்போதும் போலவே இருக்கிறது, அதனால்தான் இதை எழுத முடிகிறது. அந்த விளையாட்டில் சிவப்பு கவுன் போட்ட ராணியைப் பார்த்தால், தயவுசெய்து யாராவது அந்த வெளிநாட்டுக் கம்பெனியிடம் முதுகைத் திறக்கச் சொல்லுங்கள்.

புழுங்குகிறது. மின்விசிறி ஓடுகிறது, காற்று வரவில்லை. பவுடர் வாசனை மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது.

அம்மா வந்து கதவைத் தட்டுகிறாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற உள்ள? சாப்ட வா."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கதவை உடை, பக்கத்து வீட்டு லூர்துசாமி அண்ணனைக் கூப்பிடு என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"அம்மா, கொஞ்சம் பின்னால கழட்டி விடேன்."

வெளியே தட்டுவது நின்றது.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எஸ்தரு, உன்கூட சேந்து பேசுறது யாருடி?"